இருண்ட காலத்தைக் காணவில்லை

திங்கட்கிழமை காலையில் இருண்ட காலம் காணாமல் போயிருந்தது.

மற்ற காலங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கற்காலம் தன் ஆணியில் தொங்கியது. வெண்கலக் காலம், இரும்புக் காலம், பேரரசுகளின் காலம், எதற்கும் ஒரு கீறல்கூட இல்லை. பொற்காலம் பளபளத்தது. இயந்திரக் காலம் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பேரரசுகளுக்கும் பொற்காலத்துக்கும் நடுவில் மட்டும் வெறும் சுவர்.

அங்கிருந்த ஆணியில் அறுந்துபோன நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என் அட்டையை யாரோ திருடிட்டாங்க!" என்றாள் துப்பு.

துப்பு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. நான்கு வயதில், வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் கிடைக்காத பைக் சாவியைச் சோப்புத்தூள் டப்பாவுக்குள்ளிருந்து கண்டுபிடித்துக் கொடுத்தாள். "அடேயப்பா, துப்புத் துலக்கிட்டாளே!" என்றார் அப்பா. அன்றிலிருந்து அவள் துப்பு. (சாவியை டப்பாவுக்குள் போட்டதும் அவள்தான் என்று அம்மா சொல்வார். அது துப்புக்கு நினைவில் இல்லை.)

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். காரணத்தோடு சிரித்தால், அந்தக் காரணத்தின் மேல் சந்தேகம் வரும்.

வரலாற்று டீச்சர் சொல்லித்தான் அந்தச் சுவர் வேலை நடந்தது. வகுப்பறைக்கு வெளியே இருந்த நீளமான வராந்தாவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நீலக் கோடு. அதன் பெயர் காலக்கோடு. கரடி என்று எல்லோரும் கூப்பிடும் பையன்தான் அதை வரைந்தான். வகுப்பிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். கோட்டின் நடுவில் ஓரிடத்தில் ஒரு திடீர் வளைவு இருக்கும். அங்கே கரடிக்குத் தும்மல் வந்தது.

கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் அட்டை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி தாழ்வாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் மேலே ஆணி, ஆணியில் நீளமான நூல், நூலின் முனையில் அட்டை. வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர்கள் எல்லோரும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

யாருக்கு எந்தக் காலம் என்று பிரித்தபோது பெரிய சண்டையே நடந்தது. பொற்காலம் கரடிக்குக் கிடைத்தது. பொற்காலத்தில் எல்லோரும் தங்கச் சட்டை போட்டிருந்தார்கள் என்று அவன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். "நல்லபடியா ஆட்சி நடந்து, பாட்டு, படிப்பு, சிற்பம்னு எல்லாம் செழிச்ச காலத்தை அப்படிச் சொல்றாங்கப்பா" என்று டீச்சர் விளக்கிய பிறகும், வீட்டிலிருந்த சாக்லேட் தாளையெல்லாம் கொண்டுவந்து ஒட்டிவிட்டான்.

இருண்ட காலத்தை யாரும் கேட்கவில்லை. துப்பு மட்டும் கை தூக்கினாள். மர்மம் என்றால் அவளுக்குச் சர்க்கரை.

அட்டை முழுக்கக் கறுப்பு பூசினாள். நடுவில் இரண்டு கண்கள். அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், பெட்டிகளுக்குள் வரும் வெள்ளித்தாளை வாங்கிவந்து, வட்டமாக வெட்டி ஒட்டினாள். வகுப்பே "ஓ!" என்றது. போன வியாழக்கிழமை எல்லா அட்டைகளும் சுவருக்கு ஏறின. திங்கட்கிழமை அவளுடையது மட்டும் இல்லை.

"காத்துல விழுந்திருக்கும்" என்றான் கரடி.

"விழுந்திருந்தா தரையில இருக்கணும். இல்லியே."

"யாராவது பெருக்கித் தள்ளியிருப்பாங்க."

துப்பு அவனை மேலும் கீழும் பார்த்தாள். பொற்காலம் இருண்ட காலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இவனுக்கு இன்னும் சாக்லேட் தாள் மிச்சம் இருக்கிறதோ? ஒட்ட இடம் போதவில்லையோ?

"நீ ஏன் இவ்வளவு சீக்கிரமா ஒரு காரணம் கண்டுபிடிச்சே?"

"ஐயோ! என்னை விட்டுடு தாயே" என்று கரடி இரண்டு கைகளையும் கூப்பினான்.

துப்பு நூலை விரலில் சுற்றிப் பார்த்தாள். மேலே போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. கீழே அட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருக்கிறார்கள். அதில்தான் நூல் அறுந்திருக்கிறது.

'ஏதோ அவசரத்தில் எடுத்திருக்காங்க' என்று அவள் முடிவு செய்தாள். அந்த முடிவில் ஓர் ஓட்டை இருந்தது. அப்போது அவளுக்கு அது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டாவது அட்டையைச் செய்தாள். அதே கறுப்பு. கண்கள் மட்டும் முன்பைவிடப் பெரியவை. செவ்வாய்க்கிழமை காலை தானே கொண்டுபோய், தானே மாட்டினாள். வேறு ஒருவரையும் தொட விடவில்லை. அன்று முழுவதும் இடைவேளைக்கு இடைவேளை ஓடிவந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட அட்டை அங்கேதான் இருந்தது.

புதன்கிழமை காலையில் மறுபடியும் வெறும் நூல்.

இந்த முறை துப்புக்குக் காது மடல் வரை சூடேறியது. ஒரு தடவை என்றால் தற்செயல். இரண்டு தடவை என்றால் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். யாருக்கு அந்த அட்டையைப் பிடிக்கவில்லை?

யோசித்ததும் பளிச்சென்று ஒரு முகம் ஞாபகம் வந்தது. புதுசு!

அந்தப் பெண் இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் இன்னும் புதுசுதான். ஓர் ஆள் எத்தனை நாள் வரைக்கும் புதுசு என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அதிகம் பேசமாட்டாள். யாருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்துவிடுவாள். வந்து, அந்தச் சுவர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

அதைவிட முக்கியம், போன வாரம் வகுப்பில் நடந்தது. புதுசு எழுந்து நின்று, "டீச்சர், இருண்ட காலங்கிற பேரு தப்பு மாதிரி இருக்கு" என்று சொன்னாள். டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

பேரே பிடிக்கவில்லை என்றால் அட்டை மட்டும் எப்படிப் பிடிக்கும்?

ஆனால் துப்பு நியாயமானவள். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி ஆக்கமாட்டாள். சாட்சி வேண்டும். சாட்சி, ஒன்றாம் வகுப்பு வாசலில் ஷூ லேஸை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தது.

அது அவளுடைய தங்கை, பொடிசு. ஒன்றாம் வகுப்பு வராந்தாவின் அந்தக் கடைசியில் இருந்தது. குடிதண்ணீர்க் குழாய் இந்தக் கடைசியில் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் வந்தாலும் பொடிசு காலக்கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"பொடிசு, லேஸை வாயிலேர்ந்து எடு. நான் கேக்கறதுக்கு உண்மையைச் சொல்லணும். எங்க வகுப்புல புதுசா ஒரு அக்கா இருக்காங்கல்ல, ரெட்டைப் பின்னல், நெட்டையா? அவங்க அந்தக் கறுப்பு அட்டையைக் கையில வெச்சிருந்ததை நீ பார்த்தியா?"

பொடிசு நன்றாக யோசித்தாள். "பார்த்தேனே."

துப்பு இன்னும் கிட்டே குனிந்தாள். "எப்போ?"

"நேத்து."

நேற்று! நேற்று செவ்வாய்க்கிழமை. நேற்று அந்த அட்டையைத் தொட்டது துப்பு ஒருத்திதான். அப்படியென்றால் புதுசின் கைக்கு அது எப்படிப் போயிற்று?

முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். டீச்சர் வரவில்லை. துப்பு நேராகப் புதுசின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேத்து என் அட்டையை எடுத்தியா?"

புதுசு தலையை நிமிர்த்தினாள். "இல்ல."

"சாட்சி இருக்கு."

கரடி கடித்துக்கொண்டிருந்த பென்சிலை வாயிலிருந்து எடுத்தான்.

"எடுக்கலேன்னா உன் பையைத் திறந்து காட்டு."

"எதுக்குக் காட்டணும்?"

"ஒண்ணும் இல்லேன்னா காட்டறதுக்கு என்ன?"

புதுசு பேனாவை மூடி வைத்தாள். பிறகு பையைத் தூக்கி மேசைமேல் வைத்து, ஜிப்பை இழுத்தாள். புத்தகங்களுக்கு நடுவே கறுப்பு அட்டையின் ஓரம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"பார்த்தீங்களா!" என்று துப்பு கத்தினாள்.

"அது உன் அட்டை இல்ல" என்றாள் புதுசு.

"பின்னே யாரோடது?"

புதுசின் உதடு எதையோ சொல்வதற்காகத் திறந்தது. சுற்றிலும் எல்லாக் கண்களும் அவளைத்தான் பார்த்தன. உதடு மூடிக்கொண்டது.

"நீயே முடிவு பண்ணிட்டே. அப்புறம் எதுக்குக் கேக்கறே?" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். அன்று முழுவதும் புதுசுக்கு யாரும் வண்ணப் பென்சில் கடன் கொடுக்கவில்லை. மதியம் அவள் தனியாகச் சாப்பிட்டாள். "கெட்டிக்காரி நீ!" என்று இரண்டு மூன்று பேர் துப்பின் முதுகில் தட்டினார்கள். துப்பு சிரித்தாள். ஆனால் கண் அடிக்கடி ஜன்னல் பக்கமே போயிற்று.

நிஜமான திருடி மாட்டிக்கொண்டால் அழுவாள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள். இவள் ஏன் இரண்டும் செய்யவில்லை? இந்தச் சந்தேகத்தைத் துப்பு யாரிடமும் சொல்லவில்லை.

மாலை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். அவருக்கு மணிக்கணக்கெல்லாம் கிடையாது, டிரிப் கணக்குதான்.

"மூணாவது டிரிப்ல பாலத்துக்குக் கீழே ஒரே நெரிசல்" என்றார்.

"அந்தப் பாலம் எப்போ கட்டினாங்கப்பா?" என்று துப்பு கேட்டாள். தட்டிலிருந்ததை அளைந்துகொண்டே இருந்தாள், சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு அம்மா பதில் சொன்னார். "பொடிசு பொறக்கறதுக்கு முன்னாடி. இந்த வீட்டுக்கு வந்தது பொடிசு பொறந்ததுக்கு அப்புறம்."

அம்மாவின் கணக்கு எப்போதும் இப்படித்தான். வரலாற்றுப் புத்தகத்தில் கி.மு., கி.பி. இருப்பதுபோல இந்த வீட்டில் பொ.மு., பொ.பி. என்று துப்பு கேலி செய்வாள். இன்று கேலி செய்யத் தோன்றவில்லை.

"எங்க மிஸ் டைனோசர் கதை சொன்னாங்க" என்றாள் பொடிசு. "நேத்து இருந்துச்சாம். இவ்ளோ பெரிசு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேத்தா? நான் நேத்து நாலு டிரிப் அடிச்சேன். ஒரு டைனோசர்கூட கை காட்டலியே!"

"நேத்துதான்" என்றாள் பொடிசு உறுதியாக. "நேத்து நான்கூட பாப்பாவா இருந்தேன். அம்மா இடுப்புல."

துப்பின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"பொடிசு. அந்தப் புதுசு அக்கா கையில கறுப்பு அட்டை இருந்ததுன்னு சொன்னியே. அது என்னிக்கு?"

"நேத்து."

"எந்த நேத்து? அப்போ அந்த அக்கா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"ஸ்டூல் மேல நின்னுட்டு இருந்தாங்க. டீச்சர் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாங்க. அந்த அக்கா மாட்டினாங்க. கரடி அண்ணன் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு தும்மினாரு."

அது போன வியாழக்கிழமை! காலக்கோட்டின் எல்லா அட்டைகளையும் மாட்டிய நாள். உயரமாக இருக்கிறாள் என்று டீச்சர் புதுசைத்தான் ஸ்டூலில் ஏற்றினார். துப்பின் அட்டை அவள் கையில் இருந்தது உண்மைதான். மாட்டுவதற்காக இருந்தது.

பொடிசு பொய் சொல்லவில்லை. இன்றைக்கு முன்னால் நடந்தது எல்லாமே அவளுக்கு நேற்றுதான். டைனோசரும் நேற்று, வியாழக்கிழமையும் நேற்று. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் துப்பு ஒருத்தியை வகுப்பின் நடுவில் நிற்கவைத்துவிட்டாள்.

"என்னடி, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லமா."

பாத்திரம் கழுவி வைத்தபிறகு, பொடிசு வந்து துப்பின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீ இன்னொண்ணு செய்யப் போறியா?"

"என்னது?"

"அந்தக் கண்ணு."

"எந்தக் கண்ணு?"

"கறுப்பா இருக்குமே. தண்ணி பிடிக்கப் போறப்ப அது என்னைப் பார்க்குது. திரும்பி வரப்பவும் பார்க்குது. செய்யாதேக்கா."

துப்பு மெல்ல முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நூல் ஏன் கீழேயிருந்து இழுபட்டது என்பது இப்போதுதான் விளங்கியது. எடுத்தவருக்கு அவசரம் எல்லாம் இல்லை. ஆணி எட்டவில்லை!

"பொடிசு, அட்டையை எடுத்தது நீயா?"

"ஆமா."

"ரெண்டையுமா?"

"ஆமா."

"ஏன்டி என்கிட்டே சொல்லலே?"

பொடிசு அக்காவை வினோதமாகப் பார்த்தாள். "நீ எங்கே கேட்டே? அந்த அக்காவைப் பார்த்தியான்னுதானே கேட்டே."

உலகம் முழுவதையும் சந்தேகப்பட்ட துப்பு, ஒரே கட்டிலில் தன்னோடு தூங்குகிற ஆளைக் கேட்க மறந்துவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. இருவரும் சீக்கிரமே கிளம்பினார்கள். ஒன்றாம் வகுப்பறையில், பொம்மை அலமாரிக்குப் பின்னால் பொடிசு கையைக் காட்டினாள். துப்பு தரையோடு தரையாகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு அட்டைகளும் சுவரைப் பார்த்தபடி நின்றன.

"சாயங்காலம் பாட்டிலை மறந்துட்டேன்னு திரும்பி ஓடினேனே, அப்போ கொண்டுவந்து திருப்பி வெச்சேன்" என்றாள் பொடிசு. "பாவம், அது சுவரையே பார்க்கட்டும்னு."

துப்பு ஒன்றை இழுத்துத் திருப்பினாள். அவள் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் பொடிசின் முகம் இருக்கும் உயரத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும், வெள்ளித்தாள் கண்கள் இரண்டும் சட்டென்று விழித்துக்கொண்டன. துப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தாள். கண்களும் நகர்ந்தன. அந்தப் பக்கம் நகர்ந்தாள். அவையும் வந்தன.

அவளுக்கே முதுகில் சிலிர்த்தது. செய்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேலேயிருந்துதான் பார்த்திருந்தாள்.

"நல்ல வேலை பண்ணினே" என்று சொல்லி, அட்டையை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

வராந்தாவில் புதுசு வந்துவிட்டிருந்தாள். வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் முன்னால் நின்றாள். பொடிசைக் குழாய்ப் பக்கம் அனுப்பிவிட்டு, துப்பு அவளிடம் போனாள். சுவரில் தொங்கிய வெறும் நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நீ எடுக்கலே. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் கடைசியில். "நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு."

புதுசு திரும்பவில்லை. "யார் எடுத்தாங்க?"

துப்பு எல்லாவற்றையும் சொன்னாள். டைனோசர் நேற்று இருந்ததைச் சொன்னபோது புதுசின் கன்னம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாளோ என்னவோ.

"அப்போ உன் பையில இருந்தது?"

"நேத்துக் காலையில நான் வந்தப்பவே உன் ரெண்டாவது அட்டையும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள மூணாவது செய்ய உனக்கு நேரம் இருக்காதுன்னு, நான் ஒண்ணு ஆரம்பிச்சேன்."

துப்புக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அதை நேத்தே சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் சேர்ந்து திருடியைப் பார்க்கற மாதிரி பார்த்தா என்னன்னு சொல்றது?" இப்போதுதான் புதுசு திரும்பினாள். "எல்லார் முன்னாடியும்தானே கேட்டே? எல்லார் முன்னாடியும் சொல்லு."

நியாயம்தான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று துப்புக்குத் தெரியும். கரடி சிரிப்பான். அவன் சிரித்தால் வகுப்பே சிரிக்கும். மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பொடிசைப் பார்த்துக் கண்ணை உருட்டுவார்கள். பயந்தவளை இன்னும் பயமுறுத்துவது பலருக்கு நல்ல விளையாட்டு.

அன்று வரலாற்று வகுப்பு தொடங்கியதும் துப்பு எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு விஷயம். புதுசு என் அட்டையை எடுக்கலே. நான் சரியா விசாரிக்காம எல்லார் முன்னாடியும் அவமேல பழி போட்டேன். அவ பையில இருந்தது, எனக்காக அவ செஞ்சுட்டு இருந்த அட்டை."

வகுப்பில் சலசலப்பு எழுந்தது. "அப்போ யாரு எடுத்தா?" என்று கரடி கேட்டான்.

"நான் ஒட்டின கண்ணைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை பயந்துடுச்சு. அதான் எடுத்துடுச்சு. தப்பு அந்தக் கண்ணுமேலதான். கண்ணு செஞ்சது நான்."

"எந்தப் பிள்ளை? சொல்லு, சொல்லு!"

துப்பு வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதை நீ கண்டுபிடிக்க வேண்டாம்" என்றாள் புதுசு. "உனக்கு எதைப் பார்த்தும் பயமே கிடையாதா?"

கரடி தலையைச் சொறிந்தான். கரப்பான்பூச்சி வந்த அன்று அவன் மேசைமேல் ஏறி நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நாளைக்குப் பெற்றோர்கள் வராங்க. சுவர்ல ஒரு காலம் காலியா இருக்கு. என்ன பண்ணலாம்?"

புதுசு எழுந்தாள். "டீச்சர், அன்னிக்கு நான் கேட்டேனே. இருண்ட காலம்னு பேரு வெச்சா, அப்போ இருந்தவங்க எல்லாரும் இருட்டுல உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கு. அவங்க வீட்லயும் காலையில வெயில் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கும்" என்று டீச்சர் சிரித்தார். "ஒரு காலத்தைப் பத்தி நமக்கு எழுத்தோ கட்டடமோ அதிகம் கிடைக்கலேன்னா, பின்னாடி வந்தவங்க அப்படிப் பேரு வெச்சிடறது உண்டு. சண்டை சச்சரவு அதிகமா இருந்துச்சுன்னு நெனச்சும் வெச்சாங்க. பொற்காலமும் அப்படித்தான். 'நாங்க பொற்காலத்துல இருக்கோம்'னு அப்போ இருந்தவங்க பேசிக்கிட்டாங்களான்னு யாருக்குத் தெரியும்? பேரெல்லாம் பின்னாடி வந்தவங்க வெச்சது."

"அப்போ இருட்டு அவங்ககிட்ட இல்ல" என்றாள் துப்பு மெதுவாக. "நமக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு, அவளையும் அறியாமல் புதுசின் பக்கம் பார்த்தாள். இந்தப் பெண் மூன்று மாதமாக இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் தினமும் அவ்வளவு சீக்கிரம் வருகிறாள் என்று ஒரு நாளாவது துப்பு கேட்டாளா? கேட்கவில்லை. சந்தேகப்படத்தான் நேரம் இருந்தது.

மதிய இடைவேளையில் இருவரும் வராந்தாவில் பெரிய வெள்ளை அட்டையை விரித்து உட்கார்ந்தார்கள். துப்பு முதல் வேலையாக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"எங்கம்மா வங்கியில காவல் வேலை பார்க்கறாங்க" என்றாள் புதுசு. "அவங்க ஷிஃப்ட் காலையில சீக்கிரமே ஆரம்பிச்சுடும். என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க. இங்கே பார்க்கறதுக்கு சுவரைத் தவிர வேற என்ன இருக்கு?"

"நாளையிலேர்ந்து நானும் சீக்கிரம் வரேன்" என்றாள் துப்பு.

அட்டையின் மேலே, 'நமக்கு இன்னும் தெரியாத காலம்' என்று புதுசு குண்டு குண்டாக எழுதினாள். அவள் கையெழுத்து அத்தனை அழகு என்பதே அன்றுதான் துப்புக்குத் தெரிந்தது.

பொடிசு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"இதுல யாரெல்லாம் வரணும்னு நீ சொல்லு" என்று துப்பு அவளைக் கூப்பிட்டாள்.

"யார் வேணா வரட்டும். ஆனா என்னைப் பார்க்கக் கூடாது" என்றாள் பொடிசு. "அவங்க அவங்க வேலையைப் பார்க்கட்டும்."

அப்படியே செய்தார்கள். ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒருவர் கூரை வேய்ந்துகொண்டிருந்தார். ஒரு பையன் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான், அவன் காலை இன்னொருத்தி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மா அடுப்பை ஊதினார். யாருக்கும் இந்தப் பக்கம் திரும்ப நேரமில்லை. எல்லார்மேலும் மஞ்சள் வெயில் அடித்தது. பொடிசு ஒவ்வோர் அடியாக நெருங்கிவந்து, கடைசியில் அட்டையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டாள். வழியில் வந்த கரடி, "வெயிலுக்கு இது வேணுமா?" என்று சட்டைப்பையிலிருந்து கசங்கிய சாக்லேட் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் மிச்சம் இருந்தது.

"இங்கே ஒரு பூனை போடலாம்" என்றாள் புதுசு.

துப்பின் புருவம் உயர்ந்தது. "அந்த வீட்டுல பூனை இருந்துச்சுன்னு என்ன ஆதாரம்?"

"இல்லேன்னு என்ன ஆதாரம்?"

துப்பு யோசித்தாள். தலையைச் சாய்த்து அந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். தூரிகையைத் தண்ணீரில் நன்றாக அலசி, புதுசிடம் நீட்டினாள்.

"சரி, போடு. வால் மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."